வலிக்காத பல்லுக்கு எதற்கு டாக்டர்?

பகாவ் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மகனுக்கு நான்கு வயது, பல்லில் ஒரு குறையும் இல்லை. பாலர் பள்ளிக்கு அரசாங்கப் பல் மருத்துவக் குழு வரப்போகிறதாம். அதற்கு முன்பு பையனை ஒருமுறை டவுன் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்று இவர் கிளம்ப, வீட்டில் அத்தை மறித்துவிட்டார். "வலிக்காத பிள்ளைய ஏம்மா கொண்டுபோய் அழவைக்கிற? வலி வரட்டும், அப்பப் பாத்துக்கலாம்." யார் சொல்வது சரி? பிள்ளையைத் தயார் செய்ய நல்ல வீடியோ ஏதும் உண்டா?

வீடியோ கிடக்கட்டும். அத்தையின் வாதம் நம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக ஓடிவருவது. ராத்திரி பல்வலி; ஒரு கிராம்பு, அரை பனடோல். மூன்றாம் நாள் கன்னம் வீங்கியதும் யாருடைய மோட்டார் சைக்கிளிலாவது டவுனுக்கு. அங்கே பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீடு திரும்பினால் கதை முடிந்தது. பிள்ளை தன் வாழ்நாளில் பல் டாக்டரைப் பார்ப்பதே அன்றுதான் முதல் தடவை. பல் போய்விடும், அன்று பிடித்த பயம் நாற்பது வயதிலும் போகாது. ஏன் போகாது என்பதற்கு அழகான விளக்கம் ஒன்று இருக்கிறது. அது ஆட்டுப்பட்டியிலிருந்து வந்தது.

1959-இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் லூபோ, மூர் என்ற இருவர் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மினுக்கும் விளக்கு ஒன்று, சுழலும் கருவி ஒன்று. இரண்டில் ஒன்றை மட்டும் ஆட்டுக்கு முன்கூட்டியே பல தடவை சும்மா காட்டினார்கள். நல்லதும் நடக்காது, கெட்டதும் நடக்காது. பிறகு இரண்டையுமே காட்டி, காட்டிய கையோடு காலில் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். புதிதாகப் பார்த்த பொருளைக் கண்டதும் காலை இழுத்துக்கொள்ள ஆடு சீக்கிரமே கற்றுக்கொண்டது. ஏற்கெனவே பார்த்துச் சலித்த பொருளுக்கு அதைக் கற்க நாளானது. உள்ளுறைத் தடை என்று இதைச் சொல்லிக்கொள்வோம். ஒன்றும் நடக்காத பழக்கம், பின்னால் வரும் பயத்துக்குக் குறுக்கே நிற்கிறது.

தோட்டத்து கேட்டில் உட்கார்ந்திருக்கும் காவல்காரர், நம் ஜாகாவை நினைத்துக்கொள்ளுங்கள். புது லோரி வந்தால் நிறுத்துவார். நம்பர், பேர், ஐசி எல்லாம் புத்தகத்தில் ஏறும். தினமும் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் மீன்காரருக்கோ தலையைக்கூடத் தூக்கமாட்டார். ஆரம்பத்தில் மீன்காரர் பேரும் ஏறியதுதான். இந்த ஆள் வந்தால் ஒன்றும் நடப்பதில்லை என்று போகப்போகத் தெரிந்ததும் ஜாகா பேனாவை எடுப்பதை விட்டுவிட்டார். ஒரு நாள் ஸ்டோரில் உர மூட்டை காணாமல் போகிறது. ஜாகா புத்தகத்தைப் புரட்டுகிறார். அதில் ஏறியிருக்கும் பேர் எதுவோ, அதன்மேல்தான் சந்தேகம். மீன்காரரும் அன்று வந்துதான் போனார், ஆனால் புத்தகத்தில் இல்லையே!

கன்னம் வீங்கி முதன்முதலாக வரும் பிள்ளைக்கு எல்லாமே புது லோரி. சாயும் நாற்காலி, முகத்தில் அடிக்கும் விளக்கு, ரப்பர் கையுறை, கிராம்பெண்ணெய் வாடை, முகமூடிக்கு மேலே இரண்டு கண், இரும்புத் தட்டில் கருவி விழும் சத்தம். வலி வந்த அந்த நிமிடத்தில் அத்தனையும் புத்தகத்தில் இருக்கின்றன, அத்தனையின் மேலும் பழி விழுகிறது. அதனால்தான் சிலருக்கு வாசலில் அந்த வாடை அடித்தாலே வயிற்றைக் கலக்குகிறது. இதே பிள்ளை முன்பே மூன்று நான்கு தடவை வந்து, நாற்காலியில் ஏறி இறங்கி, பல்லை எண்ணிக்கொண்டு போயிருந்தால் அந்த நாற்காலி மீன்காரர் ஆகியிருக்கும். பிறகு ஒரு நாள் வலித்தாலும் வலியின் பழி நாற்காலிமேல் ஒட்டுவது கடினம்.

ஜாகா நிஜமாகவே எழுதவில்லையா, எழுதியும் புரட்டும்போது பழைய பக்கம் புதிய பக்கத்தை மறைக்கிறதா என்பதில் உளவியல்காரர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். கவனமே குறைந்துபோகிறது என்பது ஒரு கட்சி; இரண்டு நினைவுகளும் இருக்கின்றன, நினைவுக்கு வருவதில்தான் போட்டி என்பது மறு கட்சி. அம்மாவுக்கு அந்தச் சண்டையால் நட்டமில்லை.

ஆட்டுக்கு நடந்தது மனிதருக்கும் நடக்குமா? கிரகாம் டேவி என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1989-இல் இதை ஆராய்ந்தார். பல் சிகிச்சையில் நன்றாக வலித்தும் பயம் பிடிக்காமல் தப்பியவர்கள் யார் என்று பார்த்தால், அந்த வலிக்கு முன்பு வலியில்லாமல் பல தடவை போய்வந்தவர்களே அதிகம். 2002-இல் நெதர்லாந்தில் பிள்ளைகளிடம் செய்த ஆய்வும் இதே பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் இதை அப்படியே கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டாம். வளர்ந்தவரைக் கூப்பிட்டுச் சின்ன வயதில் என்ன நடந்தது என்று கேட்டால், பயந்தவருக்கு வலித்த நாள்தான் ஞாபகம் வரும். சுபாவத்திலேயே பயந்த பிள்ளையைப் பெற்றோர் அடிக்கடி கூட்டிப்போகாமலும் இருந்திருக்கலாம். போய்வராததால் பயமா, பயத்தால் போய்வராததா என்று பிரிப்பது லேசில்லை. அதோடு, இந்தத் தடை கவசமுமில்லை. மீன்காரர் போகும்போதெல்லாம் மூட்டை காணாமல் போனால் எந்த ஜாகாவும் விழித்துக்கொள்வார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் வேறு. இந்தத் தடை இடத்தோடு கட்டுண்டது. ஒரு கூண்டில் பழக்கிய விலங்கை வேறு கூண்டுக்கு மாற்றினால் பழக்கத்தின் பலன் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. முன் கேட் ஜாகாவைப் பின் கேட்டுக்கு மாற்றுங்கள், அதே மீன்காரர் அங்கே வந்தால் "யாருய்யா நீ?" என்று பேனாவை எடுப்பார். இப்போது அந்த வீடியோ கேள்விக்கு வரலாம். கைப்பேசியில் கார்ட்டூன் கரடி பல் டாக்டரிடம் போவதைப் பார்ப்பது வீட்டு சோபாவில் நடக்கும் பழக்கம். அதில் வாடை இல்லை, ஈரக் காற்று இல்லை, முதுகு சாய்வதில்லை. கரடியைப் பார்த்துப் பிள்ளை சிரிக்கும். நாற்காலியைப் பார்த்ததும் மறுபடி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். கண்ணில் மாட்டும் மெய்நிகர் கண்ணாடிக்கு இப்போது நல்ல விளம்பரம். சிகிச்சை நடக்கும்போது கவனத்தைத் திருப்ப அது உதவலாம். போகும் முன்னே தயார் செய்யும் வேலைக்கு, கிளினிக் இருக்கும்போது கண்ணாடி எதற்கு?

பாலர் பள்ளிக்குக் குழு வருவது நல்ல காரியம், ஆனால் அது முன் கேட். மடக்கு நாற்காலி, வகுப்பறை மேசை, வரிசையில் நிற்கும் கூட்டாளிகள், தெரிந்த டீச்சர். அங்கே சமர்த்தாக வாய் திறந்த பிள்ளை டவுன் கிளினிக்கில் அலறினால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்த இடத்தையும் தனியாகப் பழக்கவேண்டும். ஆகவே வாசகியே, நீங்கள் கிளம்பியது சரி.

அத்தையின் வாதத்துக்குப் பின்னால் கொஞ்சம் வரலாறும் இருக்கிறது. மலேசியாவில் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பவர் பெரும்பாலும் டாக்டர் இல்லை, மிஸ்ஸி என்று நாம் கூப்பிடும் பல் தாதி. பள்ளிகளுக்கென்றே பல் தாதியரைப் பயிற்றுவிக்கும் முறையை நியூசிலாந்து 1921-இல் தொடங்கியது. அதைப் பார்த்துப் பினாங்கில் 1949-இல் பயிற்சி ஆரம்பித்தது. தண்ணீரில் ஃபுளோரைடு சேர்க்க 1972-இல் அரசாங்கம் முடிவெடுத்தது; லிட்டருக்கு 0.7 மில்லிகிராமாக இருந்த அளவு 2005-இல் 0.5 ஆனது. குழாய்த் தண்ணீருக்குத்தான் அது பொருந்தும். கிணற்றையும் ஆற்றையும் நீண்ட காலம் நம்பியிருந்த தோட்டங்களுக்கு அதனால் என்ன பலன்? டின் பால் கதை இன்னும் பழையது. பச்சைக் குழந்தைக்கு இனிப்பு டின் பால் கொடுப்பதைக் கொலை என்றே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி மன்றத்தில் பேசினார். அவர் சொன்னது உயிரைப் பற்றி. உயிர் தப்பிய பிள்ளைகளின் பல்லும் அதே டின்னில்தான் கரைந்தது. இன்று லயங்கள் காலியாகி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நெகிரி செம்பிலானில் பல தமிழ்ப்பள்ளிகளுக்குப் பேரில்தான் தோட்டம் மிச்சமிருக்கிறது. டின் மட்டும் சமையலறையில் அப்படியே இருக்கிறது. நாடு முழுக்க ஐந்து வயதுப் பிள்ளைகளில் பல்சொத்தை உள்ளவர்கள் 2005-இல் 76.2 விழுக்காடு, 2015-இல் 71.3. பத்து ஆண்டில் ஐந்து புள்ளிகூட இறங்கவில்லை. வலிக்காத பல் வேறு, சொத்தை இல்லாத பல் வேறு என்பதை அத்தைக்கு இந்தக் கணக்கை வைத்தே சொல்லலாம். பால் பல்தானே, விழுந்துவிடும் என்பார். கடைவாயில் இருக்கும் பால் பல் பத்து, பன்னிரண்டு வயதுவரை அங்கேயேதான் இருக்கப்போகிறது.

கிளினிக்கில் நல்ல மிஸ்ஸி என்ன செய்வார் என்று பாருங்கள். இதற்கும் 1959-தான் ஆண்டு: ஆடல்ஸ்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 'சொல், காட்டு, செய்' என்று ஒரு முறையை எழுதி வைத்தார். ஆட்டுக்காரர்களும் இவரும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. மிஸ்ஸி முதலில் பிள்ளையின் கையைக் கேட்பார், வாயை அல்ல. மெதுவாகச் சுழலும் கருவியின் நுனியில் சின்ன ரப்பர் கிண்ணம். அதில் மணல்போல நறநறக்கும் பசை கொஞ்சம். "இதுதான் பல்லைத் தேய்க்கும், கிச்சுகிச்சு மூட்டும்" என்று சொல்லி முதலில் தன் கட்டைவிரல் நகத்தில் ஓட்டிக் காட்டுவார். பிறகு பிள்ளையின் நகத்தில். கருவி உர்ரென்கிறது, நகம் அதிர்கிறது, பசை ஓரத்துக்கு ஒதுங்குகிறது, துடைத்தால் நகம் பளபளக்கிறது. பிள்ளை நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். அப்போதே தாமதமில்லாமல், சொன்ன வார்த்தைக்கு மேல் ஒன்றும் செய்யாமல், முன்பல் ஒன்றில் அதே ஓட்டம். சத்தம், அதிர்வு, பசையின் ருசி மூன்றும் வலியில்லாமல் வாய்க்குள் போய்விட்டன. சொன்னதற்கும் செய்ததற்கும் இடையில் இடைவெளி விட்டாலோ, சொல்லாத ஒன்றை இடையில் நுழைத்தாலோ எல்லாம் பாழ்.

வீட்டில் இதைக் கெடுக்க இரண்டு வழி உண்டு. "சேட்டை பண்ணுனா பல்லு டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்பது ஒன்று. ஜாகாவின் காதில் ராத்திரியெல்லாம் அவர் மனைவி "அந்த மீன்காரன் திருடன்" என்று ஓதுவதற்குச் சமம். ஒரு மூட்டைகூடக் காணாமல் போகாமலே பேர் புத்தகத்தில் ஏறிவிடும். மற்றது அன்பால் வருவது: "வலிக்கவே வலிக்காதுடா கண்ணா, பயப்படாதே." பெரிய கிராணி கேட்டுக்கு ஓடிவந்து, "இவர் ரொம்ப நல்லவர், எதையும் எடுக்கமாட்டார்" என்று கத்தினால் ஜாகா என்ன செய்வார்? அதுவரை சும்மா இருந்தவர் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். பிள்ளையிடம் நடக்கப்போவதை மட்டும் சொன்னால் போதும்: நாற்காலி சாயும், மிஸ்ஸி சின்னக் கண்ணாடி வைத்துப் பல்லை எண்ணுவார், அப்புறம் வீட்டுக்குப் போகலாம். முதல் நாள் ராத்திரியே தொடங்கி உபதேசம் வேண்டியதில்லை. காலையில் கிளம்பும்போது சாதாரணமாகச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வலியோடு போய்ப் பயந்துவிட்ட பிள்ளைக்கு இந்த வழி மூடியாயிற்று. அங்கே வேறு வேலை: பழைய நினைவை அழிக்க முடியாது, அதன்மேல் புது நினைவு கட்டவேண்டும், நாள் பிடிக்கும். அதுவரை துளையிடாமலே சொத்தையை நிறுத்த 38 விழுக்காட்டு வெள்ளி டயமின் ஃபுளோரைடு என்ற திரவம் இருக்கிறது. தடவினால் போதும், ஆனால் சொத்தை கருகருவென்று ஆகிவிடும், அம்மாக்கள் முகம் சுளிப்பார்கள். ஹால் முறை என்று மற்றொன்று: ஸ்காட்லாந்தின் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் கடைவாய்ப் பால் பல்லுக்கு ஊசியும் துளையும் இல்லாமல் எஃகு மூடியை அப்படியே மாட்டிக் காட்டிய வழி. எல்லாப் பல்லுக்கும் இவை பொருந்தாது. வீங்கிய கன்னத்துக்கு எதுவும் பொருந்தாது. அன்றே போகவேண்டும், பழக்குவதெல்லாம் அப்புறம்.

வாசகி செய்யவேண்டியது இவ்வளவுதான். கிளினிக்குக்குப் போன் போட்டு, சும்மா காட்டத்தான் வருகிறோம் என்று சொல்லுங்கள். பிள்ளை சுறுசுறுப்பாக இருக்கும் காலை நேரமாகப் பாருங்கள். தூங்கும் நேரத்தில் கொண்டுபோனால் எந்த உளவியலும் உதவாது. நாற்காலியில் தனியே ஏற மறுத்தால் உங்கள் மடியில் உட்காரட்டும். போகும் முன்பு வீட்டில் வெளிச்சத்தில் மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள்: முன்பற்கள் ஈறைத் தொடும் இடத்தில் சுண்ணாம்புக் கோடுபோல் வெள்ளையாக இருந்தால், அது சொத்தையின் முதல் படி; அதை மட்டும் மறக்காமல் மிஸ்ஸியிடம் சொல்லிவிடுங்கள். கீழ் முன்பற்களை நாக்கும் எச்சிலும் காப்பதால் அங்கே பார்த்து ஏமாற வேண்டாம். அத்தையையும் கூட்டிக்கொண்டு போகலாம், அவருக்கு ஆட்சேபம் இல்லையென்றால். வெளியே பெஞ்சில் உட்காரட்டும்.