மரகதம் காப்போம்

நவரத்தினங்களுள் புதனுக்குரியது மரகதம். இராமநாதபுரம் மாவட்டத்து உத்தரகோசமங்கையில், மரகத நடராசப் பெருமானின் திருமேனி ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பினுள் இருப்பதும், மார்கழி ஆருத்திரா தரிசனத்தையொட்டி அக்காப்பு களையப்படுவதும் மெய்யன்பர்கள் அறிந்ததே. அதிர்வினால் திருமேனிக்கு ஊறு நேராதிருக்கவே இக்காப்பு என்பது மரபு.

நம் ஆலய அணிகலன்களுக்கும் இக்கவனம் வேண்டும். மரகதம் கடினமான கல்லே; ஆயினும் அதனுள் இயற்கையாகவே நுண்விரிசல்கள் உண்டு. அவை தெரியாதிருக்க எண்ணெய் ஊட்டுவது வணிகர் வழக்கம். வெந்நீரும் நீராவியும் அவ்வெண்ணெயைப் போக்கிவிடும். அடிபட்டால் கல் பிளக்கும்.

ஆகவே, பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ மரகத அணி வாங்கிக் காணிக்கையளிக்கும் அன்பர்கள், எண்ணெய் ஊட்டிய விவரத்தை ரசீதில் எழுதி வாங்குதல் நலம். அபிஷேகம் முடிந்து, அலங்காரத்தின்போது மட்டுமே அதனைச் சாத்துக. பின்னர் மென்துணியால் துடைத்துத் தனிப் பேழையில் வைத்திடுக. இறைவனுக்கு அளித்த பொருளை அடுத்த தலைமுறைக்குப் பழுதின்றி ஒப்படைப்பது நம் கடமையன்றோ?