கூடலேகை செய்தவர்

ஒரகடம் ஆலைகளில் வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கறப்பவன் முதலில் நீட்டுவது ஒரு காகிதம். பெரிய கம்பெனியின் முத்திரை, எச்.ஆர். கையெழுத்து, சேர வேண்டிய தேதி, சம்பளக் கணக்கு எல்லாம் அதில் பிசகில்லாமல் இருக்கும். யூனிஃபார்முக்கு, மெடிக்கலுக்கு, டெபாசிட்டுக்கு என்று தவணை தவணையாகப் பணம் போகும். ஐடிஐ முடித்த பையன் குறித்த நாளில் கேட்டில் போய் நிற்பான். செக்யூரிட்டி அந்த ஆர்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எங்க லெட்டர் இல்ல தம்பி” என்பார். ஊரில் பேச்சு ஒரே வரியில் முடிந்துவிடும்: “பையன் ஏமாந்துட்டான்.”

அந்த வரியில் குற்றம் செய்தவனே இல்லை. தவறெல்லாம் ஏமாந்தவன் தலையில். ஒரகடம் இருக்கும் இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இதை வேறு விதமாகச் சொன்னார்கள்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகத் தெற்கே போனால் உத்திரமேரூர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919இல் ஒன்று, 921இல் அதைத் திருத்திய இன்னொன்று. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஆள் எடுக்கும் குடவோலை முறைக்காக இவற்றைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். பஞ்சவார வாரியம், பொன் வாரியம் ஆகிய ஊர்க் குழுக்களுக்கு ஆள் எடுக்கும் விதியில் வரும் ஒரு சொல்லை அவ்வளவாகக் கவனித்திருக்க மாட்டோம். கழுதை மேல் ஏற்றி அவமானப்படுத்தப்பட்டவர் பெயரையும், ‘கூடலேகை’ செய்தவர் பெயரையும் குடவோலையில் எழுதவே கூடாது என்கிறது அந்த விதி.

கூடலேகை என்றால் பொய்யாக எழுதிய ஆவணம். ‘கூட’ என்ற வடசொல்லுக்கு வஞ்சனை, போலி என்று பொருள். அர்த்தசாஸ்திரத்தில் வஞ்சகப் போருக்குக் கூடயுத்தம் என்று பெயர். பொய்ச்சாட்சி சொல்பவனைக் கூடசாட்சி என்றார்கள். இன்று கூடம் என்றதும் பள்ளிக்கூடமும் மாடக்கூடமும்தான் நினைவுக்கு வரும். வஞ்சகப் பொருள் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. குறளில் இடம்பெற்ற ‘படிறு’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான்.

அந்த இடத்தில் ‘கள்ள’ வந்து உட்கார்ந்தது: கள்ளக் கையெழுத்து, கள்ள நோட்டு, கள்ளச் சாவி. அப்புறம் ‘போலி’. இலக்கணத்தில் போலி ஒரு பாவமும் அறியாத சொல். ஓர் எழுத்துக்குப் பதில் இன்னோர் எழுத்து வந்தும் பொருள் மாறாமல் இருப்பதே அங்கே போலி. 1860இன் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுக் குற்றத்துக்கான பிரிவு எண் ‘ஃபோர் ட்வென்டி’ என்ற வசவையும் கொடுத்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அந்தப் பிரிவு 318 ஆகிவிட்டது. தெருவில் இன்னும் 420தான்.

உத்திரமேரூரில் என்னை அதிகம் கவர்வது தடை விதித்ததோடு அவர்கள் நிற்காததுதான். மோசடிக்கு இடம் எங்கே என்று தேடித் தேடி அடைத்திருக்கிறார்கள். சிறியவர் முதல் பெரியவர் வரை சபை கூட வேண்டும். ஊரில் அன்று இருக்கும் கோயில் நம்பிமார் (பூசகர்கள்) ஒருவரும் விடுபடாமல் மண்டபத்தில் உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன்தான் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்க வேண்டும். விரலிடுக்கில் இன்னோர் ஓலையைச் செருகி வைத்து மாற்றிவிடக் கூடாதே! அவன் வாசித்த பிறகு நம்பிமார் எல்லோரும் வாசிப்பார்கள். அதற்கப்புறம்தான் அந்தப் பெயர் செல்லும்.

அந்தச் சபையைப் பொற்காலம் என்று கொண்டாட நான் வரவில்லை. சொந்த நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே ஓலையில் இடம் இருந்தது, உழுதவர்களுக்கு இல்லை. ஆனால், ‘பார்த்து நடந்துகொள்’ என்று ஊராருக்குப் புத்தி சொல்வதோடு விட்டுவிடாமல் வாங்குபவன் கையை விரிக்கச் சொன்னார்களே, அந்தத் தெளிவு நமக்கு வேண்டும்.

2010இல் ரெனால்ட்-நிசான் ஆலை திறந்த பிறகு டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று ஒரகடம் வளர்ந்தது. வேலை தேடி விழுப்புரத்திலிருந்தும் வருகிறார்கள், ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். கம்பெனிக்கும் இவர்களுக்கும் நடுவே கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே ஏஜென்ட், அவருக்குக் கீழே ‘தெரிஞ்ச அண்ணன்’. கூடலேகை இந்த இடுக்கில்தான் விளைகிறது. வேலைக்குப் பணம் கேட்பதில்லை என்று கம்பெனிகள் இணையதளத்தில் அறிவிப்புப் போடுகின்றன. அதைத் தேடிப் படிக்கிற நிலையில் இருப்பவன் ஏஜென்டிடம் போயிருக்கவே மாட்டான்.

தங்களுக்கு ஆள் எடுத்துத் தரும் கான்ட்ராக்டர்கள் யார், ஆர்டர் உண்மையானதா என்று எந்த எண்ணில் கேட்கலாம் என்பதை ஒவ்வோர் ஆலையும் கேட் வாசலில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கட்டும். அதே பட்டியல் ஒரகடம் பஸ் ஸ்டாப்பிலும் ஐடிஐ வளாகங்களிலும் இருக்கட்டும். பணம் பறிகொடுத்தவன் காவல் நிலையத்துக்குப் போனால், ‘நீ ஏன்பா கொடுத்தே?’ என்று தொடங்காமல், அந்தக் காகிதத்தை எழுதியது யார் என்று போலீஸ் முதல் கேள்வி கேட்கட்டும்.