கல்யாணத்துக்கும் சர்க்கார் அனுமதி!

சங்கரன்கோவிலில் ஆடித் தபசு பார்த்திருக்கிறீர்களா, சகோதரி? அரியும் அரனும் ஒன்றே என்று காண வேண்டுமென்று கோமதி அம்மன் தவமிருந்த ஊர் அது. இரு தரப்பையும் ஒன்றாக நிற்க வைக்கும் அந்த வேலையைத்தான் தேசங்களுக்கு நடுவே தூதர்கள் செய்கிறார்கள். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, "நான் தூதராகப் போகிறேன்" என்றால் வீட்டில் என்ன கேட்பார்கள்? "அப்போ கல்யாணம்?" அம்மா கேட்பது இருக்கட்டும், ஒரு காலத்தில் சர்க்காரே கேட்டது!

குடகு நாட்டு விராஜ்பேட்டையில் 1924-ல் பிறந்தவர் சி.பி. முத்தம்மா. சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். சென்னை பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, 1949-ல் ஐ.எப்.எஸ். உத்தியோகத்தில் சேர்ந்தார். அதில் நுழைந்த முதல் பெண்மணி அவரே. மணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்வதாகக் கையெழுத்துப் போட்ட பிறகே வேலை கிடைத்தது. அவருடன் சேர்ந்த ஆண்களுக்கு அப்படி ஒரு காகிதம் கிடையாது!

1961-ம் வருஷத்து விதிகளும் லேசானவை அல்ல. பெண் அதிகாரி மணக்குமுன் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். குடும்பப் பொறுப்பால் வேலை கெடுகிறது என்று சர்க்கார் நினைத்தால் அவரை விலகச் சொல்லலாம். 1970-ல் ஹங்கேரிக்குத் தூதராகப் போன முத்தம்மாவுக்கே மேற்பதவி உயர்வு மறுக்கப்பட்டது. விடுவாரா? சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். விசாரணைக்கு வருமுன்பே பதவி உயர்வு அவசரமாக வந்து சேர்ந்தது! அதனால் மனு தள்ளுபடியாயிற்று. ஆனாலும் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், 1979 தீர்ப்பில் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடி, பெண்ணுக்குப் பாரபட்சம் காட்டும் உத்தியோக விதிகளையெல்லாம் திருத்தும்படி எழுதினார்.

இன்று நம் சங்கரன்கோவில் பெண்ணுக்கு வழி என்ன? ஏதேனும் ஒரு பட்டம் போதும். சிவில் சர்வீஸ் பரீட்சை மூன்று கட்டம். முதன்மைத் தேர்வில் ஆங்கிலத் தாள் ஒன்று நீங்கலாக மற்றவற்றைத் தமிழிலேயே எழுதலாம். பிறகு முசூரியிலும் டில்லியிலும் பயிற்சி. அயல்மொழி ஒன்றைக் கற்றுத் தேறியே ஆகவேண்டும். மூன்றாம் செயலாளராகத் தொடங்கிப் படிப்படியாக ஏறினால், பல வருஷம் கழித்துத் தூதர் நாற்காலி. நடுநடுவே தேசம் விட்டுத் தேசம் மூட்டை கட்ட வேண்டும். அதுதான் குடும்பத்துக்கு நிஜமான சோதனை.

கல்யாணம்? வெளிநாட்டுக்காரரை மணப்பதானால் மட்டுமே முன் அனுமதி. அந்த விதி ஆண்களுக்கும் உண்டு!