கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கண் உறுத்துகிறதா? யாருக்கு இந்தத் தொல்லை அதிகம்?

“பார்வை பளிச்சுன்னு தெரியுது டாக்டர். ஆனா, கண்ணுல மணல் விழுந்த மாதிரி உறுத்திக்கிட்டே இருக்கு...” கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட பலர் சொல்வது இது. ‘ஆபரேஷன் சரியா பண்ணலையோ?’ என்ற பயமும் கூடவே வரும். பல நேரங்களில் காரணம் புதிய லென்ஸ் அல்ல, கண் உலர்வு.

ஏன் உலர்கிறது?

கருவிழியின் மேல் எப்போதும் மெல்லிய கண்ணீர்ப் படலம் இருக்கும். கண் காயத் தொடங்கினால், கருவிழியில் உள்ள நுண்நரம்புகள் தகவல் அனுப்பிக் கண்ணீரைச் சுரக்க வைக்கும். ‘ஃபேகோ’ முறையில் கருவிழியின் ஓரத்தில் 2 முதல் 3 மி.மீ. அளவுக்குக் கீறல் போடுகிறார்கள். அங்குள்ள நரம்புகள் அறுபடுவதால் தகவல் குறைகிறது, கண்ணீரும் குறைகிறது. தொடர்ந்து போடும் சொட்டு மருந்துகளில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனமும் எரிச்சலைக் கூட்டலாம்.

யாருக்கு வாய்ப்பு அதிகம்?

* ஏற்கெனவே கண் உலர்வு இருப்பவர்கள்
* சர்க்கரை நோயாளிகள்
* மாதவிடாய் நின்ற பெண்கள்
* இமை ஓர எண்ணெய்ச் சுரப்பிகளில் அடைப்பு உள்ளவர்கள்
* முடக்குவாதம் போன்ற நோய் எதிர்ப்பாற்றல் கோளாறு உள்ளவர்கள்
* கண் நீர் அழுத்தத்துக்கு நீண்ட நாளாகச் சொட்டு மருந்து போடுபவர்கள்
* அலர்ஜி, மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளைச் சாப்பிடுபவர்கள்

‘எனக்குக் கண்ணுல தண்ணியா வடியுது, உலர்வு எப்படி இருக்கும்?’ என்று கேட்கலாம். கண் காய்ந்து உறுத்தும்போதும் கண்ணீர் பெருகி வழியும். அதனால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

முன்பே சொன்னால் என்ன லாபம்?

பொருத்த வேண்டிய லென்ஸின் பவரைக் கணக்கிட, கருவிழியின் வளைவை அளப்பார்கள். கண் காய்ந்திருந்தால் அந்த அளவு பிசகலாம். ஆபரேஷன் நன்றாக நடந்தும் பார்வை எதிர்பார்த்தபடி அமையாமல் போகலாம். அதனால்தான், உலர்வு அதிகம் இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை, பிறகு அளவு, அதன்பின் ஆபரேஷன் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ‘தேதியைத் தள்ளிப் போடுறாங்களே’ என்று கவலைப்பட வேண்டாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு வரும் உலர்வு பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் குறைந்துவிடும். அதுவரை மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் படாமல் படுங்கள். செல்போன் பார்க்கும்போது அடிக்கடி இமையுங்கள். உறுத்துகிறதே என்று கண்ணைக் கசக்காதீர்கள். செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்தை டாக்டரிடம் கேட்டே வாங்குங்கள். அவர் கொடுத்த மற்ற மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

கடுமையான வலி, கூடிக்கொண்டே போகும் சிவப்பு, சீழ், திடீரென மங்கும் பார்வை ஆகியவை உலர்வின் அறிகுறிகள் அல்ல. கண்ணுக்குள் கிருமித்தொற்றாக இருக்கலாம். ‘நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்று இருக்காமல் அன்றே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.