எஞ்சிய காலின் பெருவிரல் வலி: இரவுத் தாங்கி எதைச் செய்யும், எதைச் செய்யாது?

இரவு படுக்கப் போகும்போது செயற்கைக் காலைக் கழற்றிக் கட்டிலோரம் சாத்தி வைப்பவர்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கண்ணிவெடியிலோ ஷெல் வீச்சிலோ ஒரு காலைப் பறிகொடுத்தவர்கள். அவர்களிடம் எல்லோரும் இழந்த காலைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். மற்றக் காலைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. இளவயதில் காலை இழந்தவர்கள் இப்போது நடுவயதைத் தொட்டுவிட்டார்கள். 1990களில் இழந்தவர்களுக்கு முதுமை வந்துகொண்டிருக்கிறது. இத்தனை வருடங்களும் தோட்டத்திலும் கடையிலும் அடுப்படியிலும் உடற்பாரத்தின் பெரும்பங்கைத் தாங்கியது அந்த ஒற்றைப் பாதம்தான். அதில் வரும் வலிகளில் ஒன்று, பெருவிரலின் அடிமூட்டு பாதத்தின் உட்பக்கமாகப் புடைத்து, செருப்புப் பட்டை பட்டாலே வலிப்பது. வைத்தியர்கள் இதனைப் 'பன்யன்' என்பார்கள்.

புடைப்பு ஏன் வருகிறது?

பார்வைக்கு எலும்பு புதிதாக வளர்ந்தது போலத் தோன்றும். உண்மையில் நடப்பது வேறு. பெருவிரலுக்குப் பின்னால் உள்ள நீண்ட எலும்பு மெல்ல உட்பக்கமாக விலகுகிறது. பெருவிரல் எதிர்த்திசையில், இரண்டாம் விரலை நோக்கிச் சாய்கிறது. இடையில் உள்ள மூட்டு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. அதன் மேல் செருப்பு உரச, தோல் தடித்துச் சிவந்து வீங்குகிறது.

காலை இழந்ததால்தான் இது வந்தது என்று சொல்லிவிட முடியாது. தாய்க்கோ பாட்டிக்கோ இருந்தால் பிள்ளைக்கும் வரக்கூடும். பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. முன்பக்கம் ஒடுங்கிய சப்பாத்து, மூட்டுவாதம், தட்டைப் பாதம் என்பனவும் காரணமாகலாம். ஆனால் விரல் ஏற்கெனவே சாய்ந்த பாதத்தில் இருவர் பாரம் போல ஒரு பாரம் விழுந்தால் வலி கூடாமல் இருக்காது.

இரவுத் தாங்கி என்ன செய்கிறது?

பிளாஸ்ரிக் தகட்டையும் வெல்குரோ பட்டிகளையும் கொண்டு செய்யப்பட்டது இந்தத் தாங்கி. பாதத்தின் உட்பக்கமாக வைத்துக் கட்டும்போது பெருவிரலை இரண்டாம் விரலிலிருந்து விலக்கிப் பிடிக்கிறது. படுத்திருக்கையில் பாதத்தில் பாரம் இல்லை, செருப்பும் இல்லை. ஆகவே இறுகிக் கிடக்கும் தசையும் தசைநாரும் சில மணிநேரம் இழுபட்டு நிற்கின்றன. சிலருக்குக் காலையில் எழும்பும்போது விறைப்பும் வலியும் குறைவாக இருக்கும்.

அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. வளர்ந்தவர் ஒருவரின் சாய்ந்த எலும்பை இந்தத் தாங்கி நிரந்தரமாக நேராக்கும் என்பதற்குச் சான்று இல்லை. விளம்பரங்களில் வரும் 'முன்', 'பின்' படங்களை நம்பிக் கடன்பட்டு வாங்க வேண்டாம். சில வாரங்கள் கட்டியும் வலியில் மாற்றமில்லை என்றால் விட்டுவிடலாம்.

தொடங்கும்போது முதல் நாளே இரவு முழுக்கக் கட்டிக்கொண்டு படுக்காதீர்கள். மாலையில் இருந்தபடியே ஒரு மணித்தியாலம் கட்டிப் பாருங்கள். கழற்றியதும் தோலைக் கவனியுங்கள். சிவப்பு அடையாளம் அரை மணித்தியாலத்தில் மறையாவிட்டாலும், விரல் நீலம் பாய்ந்தாலும், குளிர்ந்தாலும், மரத்தாலும் பட்டி கூடுதலாக இறுகியிருக்கிறது. பிரச்சினை இல்லையென்றால் நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டலாம். தடியும் பண்டேஜும் வைத்து வீட்டில் நீங்களே செய்து கட்ட வேண்டாம்.

யார் கட்டக் கூடாது?

நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவர்கள், ஷெல் துண்டு நரம்பை வெட்டியதால் பாதம் மரத்தவர்கள், இரத்த ஓட்டம் குறைந்தவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் கட்டவே கூடாது. பட்டி அறுத்துப் புண்ணானாலும் அவர்களுக்குத் தெரியாது. இரண்டு காலும் உள்ளவருக்கு ஆறாத புண் ஒரு தொல்லை. ஒரு கால் மட்டுமே உள்ளவருக்கு அது நடமாட்டத்தையே பறித்துவிடும்.

இரவில் எழும்பும்போது

இன்னோர் ஆபத்தையும் தாங்கிப் பெட்டிக்குள் வரும் துண்டுப்பிரசுரம் சொல்வதில்லை; அது இரண்டு கால் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டது. நடுச்சாமத்தில் மலசலகூடம் போக எழும்பும்போது செயற்கைக் கால் கழற்றிக் கிடக்கும். ஊன்றப் போவது தாங்கி கட்டிய அந்த ஒரே பாதத்தைத்தான். பிளாஸ்ரிக் தகட்டோடு சீமெந்து நிலத்தில் கெந்தினால் வழுக்கி விழுவது நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலில் இருந்தபடியே முதலில் தாங்கியைக் கழற்றுங்கள். ஊன்றுகோலும் ரோச் லைற்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இரவில் பலமுறை எழும்புபவருக்கு இந்தத் தாங்கி பொருந்தாது.

பகலில்தான் பாதி வைத்தியம்

முன்பக்கம் அகன்ற, மேற்பட்டியைத் தளர்த்தக்கூடிய பாதணி போடுங்கள். விரலிடுக்கில் பட்டி மாட்டும் இறப்பர் செருப்பு பலருக்கு உரசலைக் கூட்டும். ஆனால் புதிய பாதணியின் குதி உயரம் பழையதைப் போலவே இருக்க வேண்டும். செயற்கைக் கால் ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்கே சரிசெய்யப்பட்டிருக்கும். அது மாறினால் நடை தடுமாறும். முழங்காலும் இடுப்பும் நோகும்.

பாதத்துக்கு ஏற்ற உள்தட்டும் ஓரளவு உதவும். பின்லாந்தில் 209 பேரிடம் செய்து 2001இல் வெளியான ஆய்வில், உள்தட்டு போட்டவர்களுக்கு ஆறு மாதத்தில் வலி குறைந்திருந்தது. ஒரு வருட முடிவில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களே கூடிய நன்மை பெற்றிருந்தார்கள்.

செயற்கைக் காலையும் சோதிக்க வேண்டும். தண்டு மெலிந்து கிண்ணம் தளர்ந்துவிட்டால், நோகும் பக்கத்தில் ஊன்றப் பயந்து பாரம் முழுவதையும் நல்ல காலில் போடுவோம். கிண்ணத்தை மாற்றினாலே பெருவிரல் வலி தணிவதும் உண்டு. குடாநாட்டில் யாழ். ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிறுவனம் 1987 முதல் செயற்கை அவயவப் பணியைச் செய்துவருகிறது.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

மூட்டு திடீரெனச் சிவந்து சூடேறி வீங்கினால் அது வாதமோ கிருமித்தொற்றோ ஆக இருக்கலாம். தாங்கி கட்டாமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். புண், மரத்துப்போதல், நடையைக் குறைக்கும் வலி இருந்தாலும் காட்டுங்கள். சத்திரசிகிச்சை தேவை என்றால், அதன் பின் பல வாரங்கள் அந்தக் காலில் வழமைபோல ஊன்ற முடியாது. சக்கர நாற்காலி, கூட இருக்க ஓர் ஆள், அந்த நாட்களுக்கான வருமானம் ஆகியவற்றை முன்கூட்டியே வைத்தியரோடும் வீட்டாரோடும் பேசித் தீர்மானியுங்கள்.

அடுத்த முறை கிளினிக் போகும்போது செயற்கைக் காலை மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள். மற்றக் காலின் செருப்பையும் கழற்றிக் காட்டுங்கள்.