'பைப் டவுன்' என்னும் ஆங்கில வினை

ஆங்கிலத்தில் வினைச்சொல் ஒன்று இடைச்சொல்லோடு கூடித் தனித்தனியே அவற்றிற்கு இல்லாத புதுப்பொருள் தருதல் பெருவழக்கு. பேச்சு வழக்கிலுள்ள 'பைப் டவுன்' அத்தகையது. 'பைப்' என்பது குழலையும் குழலூதுதலையும் குறிக்கும். 'டவுன்' என்பது 'கீழே' எனப் பொருள்படும். இரண்டையும் அகராதியிற் கண்டு கூட்டிப் பார்க்கும் மாணாக்கர், 'இரைச்சலை நிறுத்து' என்னும் பொருள் எங்ஙனம் பிறந்ததென மயங்குவர். இடுகுறிபோலத் தோன்றும் இத்தொடர் உண்மையிற் காரணம்பற்றி எழுந்ததே என்பதை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இதன் பிறப்பிடம் பிரிட்டிஷ் கடற்படையின் பாய்க்கப்பல். பெரிய போர்க்கப்பல்களிற் பல நூறு மாலுமிகள் ஒருங்கு வாழ்ந்தனர். காற்றும் அலையும் இரையுங்கால் மனிதர் குரல் எட்டாது. ஆதலின், 'போஸன்' எனப்படும் அதிகாரியும் அவன் துணைவரும் கீச்சென்றொலிக்கும் சிறிய உலோகக் குழலை ஊதிக் கட்டளைகளை அறிவித்தனர். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒவ்வோர் ஓசை உண்டு. வேலை முடிந்தபின் மாலுமிகளை மேல்தளத்தினின்றும் கீழே அனுப்புதற்குரிய கட்டளையே 'பைப் டவுன்'. 1867-இல் வெளிவந்த அட்மிரல் ஸ்மைத் என்பாரின் மாலுமிச் சொல்லகராதியும் இப்பொருளையே கூறும்.

நாளின் இறுதியில் இவ்வோசை கேட்டவுடன் விளக்குகள் அவிக்கப்படும், பேச்சும் ஒழியவேண்டும். கீழ்த்தளத்தில் ஒரு தொங்குபடுக்கைக்கு விதிக்கப்பட்ட அகலம் 14 அங்குலமே. அந்நெருக்கத்தில் ஒருவன் பேச்சுப் பலர் உறக்கத்தைக் கெடுக்குமன்றோ? இவ்வாறு கீழிறங்கும் கட்டளை அமைதிக்குரிய கட்டளையாயிற்று. பின்னர்க் கரையேறிப் பொதுமக்கள் வாயிலும் பயின்றது.

கரையிலுள்ளோர் குழலை மறந்தனராயினும், கட்டளையின் கடுமை சொல்லில் நின்றுவிட்டது. 'வாயை மூடு' என்பதற்கும் 'அமைதியாயிருங்கள்' என்பதற்கும் தமிழில் எத்துணை வேற்றுமை உண்டென்பதை யாம் அறிவோம். 'பைப் டவுன்' முன்னதன் இனத்தது. தோழருள் விளையாட்டாக வழங்கலாம். ஆசிரியரிடமும் மூத்தோரிடமும் வழங்கின் அவமதிப்பாம். உயர்ந்த உரைநடையில் அதற்கு இடமில்லை. பொருளை மட்டும் மனனஞ் செய்தவர் இவ்வேறுபாட்டை உணரார். மேலோன் ஏவலாகப் பிறந்த சொல்லென்று அறிந்தவரோ எளிதில் உணர்வர்.

சொற்பொருளின் காரணம் நோக்கிய அளவில் விளங்கித் தோன்றாது என்பது தொல்காப்பியர் கருத்து. அயன்மொழி பயில்வார்க்கும் அஃது ஏற்புடைத்து. ஆதலின், புதிய தொடர் எதிர்ப்படுங்கால் அதன் பொருளோடு நில்லாது, அது யார் வாயிற் பிறந்தது, யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பவற்றையும் மாணவ நண்பர்கள் ஆராய்வார்களாக.