பயிற்சியாளர் ஐயுறும்போது

‘உங்களுக்கு எடை குறைக்க வேண்டியதே இல்லையே’ என்று உடற்பயிற்சிக் கூடத்தில் சொல்லிவிட்டதாகக் குழம்பி வரும் நீரிழிவு நோயாளரைக் கொடைக்கானலில் நாங்கள் காண்கிறோம். 160 செ.மீ. உயரம், 62 கிலோ எடை எனில் உடல் நிறைக் குறியீட்டெண் ஏறத்தாழ 24. உலக அளவுகோல் 25 வரை இயல்பென்கிறது. பயிற்சியாளர் அதைக் கருதியிருக்கலாம். இந்தியர்க்கோ 23-லேயே மிகை எடை தொடங்குகிறது. குறைந்த எடையிலும் நமக்கு வயிற்றுக் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. மூன்று கிலோ குறைந்தாலே இரத்தச் சர்க்கரை இறங்கக்கூடும்.

வயிற்றுச் சுற்றளவையும் (பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை) இலக்கையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். மாதம் பத்துக் கிலோ என்னும் இலக்கை அவர் ஐயுற்றால், நாங்கள் அவர் பக்கமே! வாரம் அரைக் கிலோ போதும். இன்சுலின் போடுவோர், ஏரியைச் சுற்றி நடக்கும்போதும் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றை உடன் வைத்திருங்கள்.